சுரைக்காயின் நாடி

பாறையடி மடம் என்று பேர்தான் பெரிது. ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டிச் சமையல் கட்டு, பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். இருந்தவர்களும் இரண்டே பேர். சாமிக்கு நாற்பது சொச்சம் வயது. சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்தெட்டு. அதனால் அங்கே குருதான் சீடரை ஐயா என்று கூப்பிடுவார்.

குழந்தைவேலு ஒரே ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தவர். ஒரு நாள் பகலில் அவர் முன்னறையில் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவர் மனைவி கனகம் மாரடைத்து இறந்துபோனாள். விளம்பரம் வந்த நேரத்தில் காபி கேட்கலாம் என்று எழுந்து போனவர்தான் பார்த்தார்.

"அவ என்னைக் கூப்பிட்டிருப்பாளா சாமி?"

வந்த அன்றைக்குக் கேட்டார். அப்புறம் தினமும் கேட்டார்.

"தெரியல ஐயா" என்பார் சாமி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், சாமிக்கும் இருதயத்தில் கோளாறு என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடம் சொல்லி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வரவழைத்தார். கையில் கட்டினால் நாடித்துடிப்பைப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் போன் அலறும்.

"இன்னொரு தடவை எனக்குத் தெரியாம நடக்கக் கூடாது சாமி."

சாமி கையை நீட்டினார்.

குழந்தைவேலு வாட்சை அவர் கையில் கட்டிவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் இணைப்பதற்காக இரண்டிலும் ஒரே எண் வந்தது. சரிதானா என்று இரண்டும் கேட்டன. போனில் இவர் தொட்டார். வாட்சில் சாமி தொட வேண்டியது. அவர் விரலை எடுப்பதற்குள் அதையும் இவரே தொட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரரும் நீங்கதான், பொண்ணு வீட்டுக்காரரும் நீங்கதானா?" என்று சிரித்தார் சாமி.

கட்டியிருப்பவர் பெயர் என்ன என்று போன் கேட்டது. குழந்தைவேலு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தொட்டார். முடித்துவிட்டுப் பார்த்தார்.

கனகம். நாடி 74.

இத்தனை வருஷமாக எந்த இடத்தில் இன்னொருவர் பெயர் கேட்டாலும் அந்த விரல் எழுதிப் பழகியது அது ஒன்றைத்தான். நினைத்து எழுதவில்லை.

"மாத்திடறேன் சாமி."

"இருக்கட்டும்" என்றார் சாமி.

குழந்தைவேலு மாற்றவும் இல்லை.

வாட்ச் தன் வேலையைத் தொடங்கியது. சாமி கண்ணை மூடி உட்கார்ந்தால் கையில் உறுமி, எழுந்து நட என்றது.

"இனிமே இதுதான் குரு. நானும் உங்களை மாதிரி சீடன்" என்றார் சாமி.

குளிக்கப் போகும்போது ஒரு தடவை அதைக் கழற்றி வைத்தார். போன் அலறியது. ரோட்டுக்கடையில் நின்றிருந்த குழந்தைவேலு செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கிய வாங்கலில், சாமிக்கு முன்னால் இவர் போய்விடுவார் போலிருந்தது. சாமி ஈரத்தோடு நின்று பார்த்தார்.

மறுநாளிலிருந்து கழற்றினாலும் போன் அலறவில்லை. கழற்றுகிறார் என்பதே குழந்தைவேலுவுக்குத் தெரியாது.

அவருக்கு இப்போது வேறு எதுவும் தெரிவதில்லை. கொட்டகை வாசலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கனகம், 72. கனகம், 75. முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை வேற கம்பெனிக்கு மாறிட்டாராம், தெரியுமா? சின்னவன் நல்லா உயரமா வளந்துட்டான். உன் சாயல்தான்."

தினமும் கேட்ட கேள்வியை அவர் கேட்பதே இல்லை.

ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது உலையில் வைத்த சோறு தீய்ந்து நாறியது. முனகிக்கொண்டே சமையல் கட்டுக்குள் போனார். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், மூலையில் ஒரு சுரைக்காய் இருந்தது. அதன் கழுத்தில் வாட்ச் கட்டியிருந்தது. வாட்சின் அடியில் நாடி பார்க்கும் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்று எரிந்தது. கைக்கும் காய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

74 என்று காட்டியது.

குழந்தைவேலு பின்பக்கம் ஓடினார்.

தொட்டியடியில் சாமி மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. இன்னொரு கை தொட்டிச் சுவரில் பாதி தூரம் ஏறி நின்றிருந்தது.

குழந்தைவேலு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வண்டி டவுனிலிருந்து கிளம்புகிறது என்றார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, சாமியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் சாமி இப்படிப் பண்ணீங்க?"

"அன்னைக்கு ஓடி வந்தீங்களே" என்றார் சாமி. குரல் காற்றாக வந்தது. "உங்களைப் பாக்கப் பயமா இருந்துச்சு."

குழந்தைவேலு அவர் நெஞ்சைத் தடவினார். கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"என்னைக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"வாசல்லதான உக்காந்திருந்தேன். என் காதுல விழலையே சாமி."

சாமி கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப அவளும் கூப்பிட்டிருப்பா" என்றார் குழந்தைவேலு.

தெரியல என்று வரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கூப்பிட்டிருப்பாங்க ஐயா."

கீழே கிடந்த போனில் கனகம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு அதையே பார்த்தார்.

"என்னத்துக்குக் கூப்பிட்டிருப்பா சாமி? என்ன சொல்ல நினைச்சிருப்பா?"

"அது எனக்குத் தெரியல" என்றார் சாமி. நாக்கால் உதட்டைத் தொட்டுக்கொண்டார். "நான் கூப்பிட்டது குடிக்கத் தண்ணிக்கு. அது இன்னும் வரல ஐயா."