தும்பை விதை

“பயம் போக ஒரு வழி சொல்லுங்க, தாயே,” என்றான் தாண்டவராயன்.

மொட்டைக் குன்றின் அடிவாரத்தில் குடிசை போட்டுத் தனியாக இருந்த துறவி செம்பியம்மை. அதிகம் பேசமாட்டாள். சித்திரை வெயிலில் காய்ந்துபோன தும்பைச் செடிகளை முறத்தில் உதறிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குப் பயம்?”

அவன் சொன்னான். விஷக்காய்ச்சலில் ஒரே வாரத்தில் மனைவியும் மகனும் போய்விட்டார்கள். மிஞ்சியது மகள் வடிவு ஒருத்தி. கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சாவுக்கு வந்தவளை அவன் திருப்பி அனுப்பவில்லை. அழைக்க வந்த மருமகனையும் தனியாகவே போகச் சொல்லிவிட்டான். வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறான்.

“அவ என்கிட்டப் பேச்சையே விட்டுட்டா. மழைக்காலம் முடியறதுக்குள்ள அனுப்பலைன்னா இனி வரவே வேண்டாம்னு மாப்பிள்ளை சொல்லியிருக்கார். ஆனா போற வழியில வண்டி குடைசாய்ஞ்சா? அந்த ஊர்லயும் காய்ச்சல் வந்தா? கண்ணை மூடினா அவளையும் பாடையில…”

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

செம்பியம்மை ஒரு பிடி விதையை அவன் துண்டில் போட்டாள்.

“இதை வளர்த்துட்டு வா.”

தும்பை யாரும் வளர்க்கிற செடி அல்ல. மழைக்குத் தானாக முளைக்கும், பனியில் வெள்ளையாகப் பூக்கும், வெயில் ஏறினால் விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் தாண்டவராயனுக்கு மழைவரை பொறுக்க முடியவில்லை. அதற்குள் விதை உளுத்துப்போனால்?

சட்டியில் எரு போட்டு நிழலில் வைத்து விதைத்தான். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். முளைத்தது. வெளுத்து, நூல்போல நீண்டது. ஒருநாள் காலையில் எல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன.

வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“செத்துப்போச்சு, தாயே.”

“என்ன செய்தே?”

“ஒரு குறையும் வைக்கல.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆடிக் காற்றில் மறுபடி விதைத்தான். இந்தமுறை வெறுந்தரையில். தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் எறும்பு சாரை சாரையாகப் போவதைக் கண்டதும், விதையைத் தூக்கிக்கொண்டு போகிறதோ என்று விரலால் மண்ணைக் கிளறினான். மறுநாளும் கிளறினான். விதையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தான்.

“எதுக்குக் கீறினே?” என்று கேட்டாள் செம்பியம்மை.

“உசுர் இருக்கான்னு பார்த்தேன்.”

“இருந்ததா?”

“பார்க்கிறவரைக்கும் இருந்துச்சு.”

சொன்ன பிறகு தன் நகத்தையே பார்த்தான்.

ஐப்பசி பிறந்து, மழை கொட்டி, குன்றுச் சரிவு முழுக்க மண் கறுத்து ஊறிக் கிடந்தது. தாண்டவராயன் குடிசைக்கு வந்தான். மிச்சமிருந்த சிட்டிகை விதை மடியில் முடிச்சாக இருந்தது.

“தூவலையா?”

“தூவினா போயிடுமே, தாயே. மடியில இருந்தா பத்திரம்.”

“சரி. மடியிலேயே பூக்கட்டும்.”

அவள் தன் பங்கு விதையை முறத்தில் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். தூறலில் அவனும் பின்னால் போனான். அவள் குழி தோண்டவில்லை, மண்ணால் மூடவில்லை. அள்ளி அள்ளி ஈரத்தின் மேல் வீசினாள். கொஞ்சம் பாறையில் விழுந்தது. கொஞ்சத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அவன் கண்ணெதிரே ஒரு குருவி இறங்கிக் கொத்தியது.

“தாயே, குருவி…”

“பார்த்தேன்.”

“எல்லாம் முளைக்குமா?”

“முளைக்காது.”

“எது முளைக்கும்?”

“தெரியாது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மழைத்துளியா வியர்வையா என்று சொல்ல முடியவில்லை. முறத்தைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“உங்களுக்குமா பயம்?”

“வருஷா வருஷம்.”

“அப்போ எனக்கு எப்படிப் போகும்?”

“போகும்னு நான் எப்போ சொன்னேன்?”

அவள் அடுத்த பிடியை வீசினாள்.

தாண்டவராயன் வெகுநேரம் மழையில் நின்றான். பிறகு மடி முடிச்சை அவிழ்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினான். எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை. சரிவில் இறங்கி வீட்டை நோக்கி நடந்தான்.

வீட்டுக்குப் போனதும் கதவைத் திறந்து வைத்துவிட்டு வண்டியில் மாட்டைப் பூட்டினான். வைக்கோல் பரப்பினான். மகள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். ஆற்றுப் பக்கம் இன்னும் இடி உறுமிக்கொண்டிருந்தது.

பல மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

“பயமா இல்லையாப்பா?”

“இருக்கும்மா,” என்றான். “ஏறிக்கோ.”