முடிச்சாண்டியின் மணிநூல்

முன்னொரு காலத்தில், கேட்டால் மழை பெய்த, கூப்பிட்டால் மரம் பேசிய காலத்தில், பவளக்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அங்கே ஓலையும் கிடையாது, எழுத்தாணியும் கிடையாது. அரசாணையா, கல்யாண அழைப்பா, காதல் தூதா, எல்லாமே மணிநூல்தான். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலே நிற மணிகள். அவற்றை மாற்றி மாற்றிக் கோத்தால் எதையும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. நூலின் நுனியைச் சுவர் முளையில் மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். தொய்ந்த நூல் என்றால் மரியாதைக் குறைவு. குழந்தைகள் நூலைத் தொங்கவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஊர் நடுவே ஒரு மாயத் திரிகை இருந்தது. மேல்கல்லுக்கும் கீழ்க்கல்லுக்கும் நடுவே மணிநூலைக் கொடுத்தால் போதும். மூன்று மூன்று மணியாகத் தடவிப் பார்த்து, நூல் சொன்னதை அப்படியே கொட்டும். அரிசி என்றால் அரிசி, வெல்லம் என்றால் வெல்லம். நாடே அதன் புண்ணியத்தில்தான் சாப்பிட்டது. அதைக் கவனித்துக்கொண்டவன் திருமாறன். அவன் மனைவி குமுதவல்லி, அரண்மனையில் நூல் வாசிப்பவள். ஊர் கண் படும்படி இருவரும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்.

மந்திரவாதி முடிச்சாண்டிக்கு இது பொறுக்குமா? ஒருநாள் திரிகைக் கொட்டகையில் வந்து நின்றான்.

"எனக்கு ஒரு பூதப்படை அரைத்துக் கொடு!"

"இது சோறு போடுற கல்லுங்க. பூதத்தையெல்லாம் அரைக்காது" என்றான் திருமாறன்.

"அப்படியா? இந்தக் கல் நிற்கட்டும். கல் நின்றால் நீயும் கல்!"

ஜடையிலிருந்து ஒரு மணிநூலை உருவித் திரிகையின் வாயில் எறிந்துவிட்டு, கொட்டகைக் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அந்த நூல் தானாகச் சுருண்டது, மடிந்தது, முடிச்சாகி இரண்டு கல்லுக்கும் நடுவே இறுகிக்கொண்டது. திரிகை தடுமாறியது. திருமாறனின் பாதம் கல்லானது.

செய்தி கேட்டு ராஜா சபையோடு ஓடி வந்தார். தளபதி வந்தான், இழுத்தான். முடிச்சு இறுகியது. முழங்கால் வரை கல்.

பட்டத்து யானை வந்தது, இழுத்தது. முடிச்சு இறுகியது. இடுப்பு வரை கல்.

கடைசியில் குமுதவல்லியே வந்தாள். மந்திரத்தை வாசித்துவிட்டால் மாற்று கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தாள். பழக்கதோஷம், நுனியை முளையில் மாட்டி அவளும் விறைப்பாக இழுத்தாள். மார்பு வரை கல்.

"போதும் வல்லி" என்றான் திருமாறன் மூச்சு வாங்க. "இன்னொரு தடவை இழுத்தா பேச்சும் போயிடும்."

ஐயோ, தன் கையாலேயே! குமுதவல்லி கொட்டகையை விட்டு ஓடினாள். முற்றத்தில் விழுந்து அழுதாள். அழுதபடி நகத்தால் மண்ணைக் கீறினாள்.

"ஏய், ஏய்! குத்தாதே!"

பார்த்தால் ஒரு மரவட்டை, சக்கரமாகச் சுருண்டு கிடக்கிறது.

"தெரியாம பட்டுடுச்சு. நீ விரிஞ்சு போயேன்."

"நீ குத்திக்கிட்டே இருந்தா எப்படி விரியறது? குத்தக் குத்தச் சுருளுவேன். சும்மா விட்டா நானே விரிவேன். இதுகூடவா தெரியாது?" முணுமுணுத்துக்கொண்டே அது விரிந்து, அத்தனை காலையும் ஆட்டியபடி போய்விட்டது.

குமுதவல்லி சட்டென்று எழுந்தாள். ஓடிப்போய் முளையிலிருந்து நூலைக் கழற்றினாள்.

"எல்லாரும் கையை எடுங்க! நூலைத் தளர விடுங்க!"

"தொங்க விடுறதா? அபசாரம்!" என்று சபையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மரியாதையை அப்புறம் பாத்துக்கலாம் மகாராஜா. அவர் கல்லாயிட்டிருக்கார்!"

ராஜா தலையசைத்தார். நூல் தளர்ந்தது. அடடா, அப்போதுதான் அதன் உண்மையான கோலம் தெரிந்தது! சிவப்பு மணி பச்சையைத் தேடி ஒட்டியது. நீலம் மஞ்சளைத் தேடி ஒட்டியது. நூல் கொண்டை ஊசி போல மடிந்திருந்தது. அந்த ஊசியின் வளைவு சாய்ந்து வந்து நூலின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது முடிச்சே இல்லை! வளைவு வாலைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். இதுல வாசிக்க ஒண்ணுமே இல்லை. இதோட உருவம்தான் மந்திரம்!"

வாலைவிட நல்ல ஜோடி கிடைத்தால் வளைவு வாலை விட்டுவிடாதா? குமுதவல்லி தன் கழுத்து மாலையை அறுத்து, வளைவின் மணிகளுக்கு ஜோடி மணிகளைக் கோத்து நீட்டினாள். நூல் குட்டையாகப் போய்விட்டது. வளைவு சீண்டவில்லை. நீளமாகக் கோத்து நீட்டினாள். வளைவு நடுங்கியது, பிடிக்கவில்லை. அதற்குள் திரிகை இன்னும் திணறி, திருமாறனுக்குக் கழுத்து வரை கல்.

அவள் கொண்டை ஊசியை உற்றுப் பார்த்தாள். ஒரு கால் மேலே போகிறது, மறுகால் கீழே வருகிறது. ஜோடிகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன! தலைமணியை வாலுக்கும் வால்மணியைத் தலைக்குமாகத் திருப்பிக் கோத்து, எதிர்ப்பக்கமாக நீட்டினாள்.

கப்பென்று பிடித்தது வளைவு! விடுபட்ட வால் துள்ளியது. உருவம் மாறியதும் மந்திரமும் மாறியது: நூல் சுத்தியல் போல மடிந்து, தன்னைத்தானே டப்பென்று வெட்டிக்கொண்டது. திரிகை கடகடவென்று சுற்றியது. கழுத்து, மார்பு, இடுப்பு, கால் என்று திருமாறன் மறுபடி மனிதனானான்.

"பசிக்குது வல்லி" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கூரையிலிருந்து குதித்தான் முடிச்சாண்டி. அறுந்து கிடந்த நூலை ஆத்திரத்தோடு பற்றி இழுத்தான். அது அவன் கையைச் சுற்றி இறுகியது. முழங்கால் வரை கல். இழுத்தான். இடுப்பு வரை கல்.

"விடுய்யா! சும்மா விடு!" என்று ஊரே கத்தியது. விட்டானா? விடவில்லை.

ராஜா குமுதவல்லியிடம், "என்ன வேண்டும், கேள் அம்மா" என்றார்.

"நூலைத் தொங்கவிட்ட குழந்தைகளை இனிமே யாரும் அடிக்கக் கூடாது மகாராஜா."

அன்றைக்கே ஆணை பிறந்தது. திரிகை அரைத்த சர்க்கரைப் பொங்கலை நாடே வயிறாரச் சாப்பிட்டது.

கட்டுக்கதை என்கிறீர்களா? நாலு வகை மணி கோத்த நூல் உங்கள் உடம்பிலும் ஓயாமல் மடிந்து, வளைந்து, வேலை செய்துகொண்டிருக்கிறது. படித்தவர்கள் அதை ஆர்.என்.ஏ. என்பார்கள். பவளக்கோட்டைக்காரர்களுக்கோ அது வெறும் மணிநூல்தான். இப்போது அதை அவர்கள் முளையில் மாட்டுவதில்லை. கொட்டகை வாசலில் வாயைப் பிளந்து நிற்கும் ஒரு கல்தூணின் மூக்கில் மாட்டி, நன்றாகத் தொங்கவிடுகிறார்கள்.