எதிர்க்கடைக் கல்

ஜவுளிக்கடை சபாபதிக்கு எதிர்க்கடை மீன்தொட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும். அதில் இருப்பது அசல் மலைக்கல். இவர் தொட்டியில் இருப்பதோ பீங்கானில் செய்த கல்.

இரண்டு கடைத் தொட்டிகளையும் கழுவுகிறவள் வீராயி. அவளைக் கூப்பிட்டார்.

“தட்டினா என் கல்லு பானை மாதிரி டங்குங்குது. மானம் போகுது. அவன் கல்லு மாதிரியே ஒண்ணு நாளைக்குள்ள கொண்டா. இல்லேன்னா வேலைக்கு வராதே.”

“பழசை என்ன செய்யட்டும் முதலாளி?”

“எங்கயாச்சும் தள்ளு.”

மறுநாள் மலைக்கல் வந்துவிட்டது. சட்டைக் கை நனைய நனைய, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தட்டிக் காட்டினார் சபாபதி.

எல்லாம் ஒரு வாரம்தான். மறுபடியும் எதிர்க்கடையையே முறைக்க ஆரம்பித்தார்.

“புதுக் கல்லு வச்சிருக்கான் பாரு. எத்தனை பொந்து. மீனெல்லாம் உள்ளே குடித்தனமே நடத்துது. என் கல்லுல ஒளிய ஒரு ஓட்டை உண்டா? அது எங்க கிடைக்கும்?”

“உங்க தொட்டியிலதான் கிடந்துச்சு முதலாளி. அவரும் அன்னைக்கே உங்க கல்லு மாதிரி வேணும்னாரு, பழசைத் தள்ளச் சொன்னாரு. ரெண்டையும் இடம் மாத்தித் தள்ளிட்டேன். திரும்ப மாத்திடவா? நேத்துலேர்ந்து அவருக்கும் உங்க கல்லு மேலதான் கண்ணு.”