அறுபத்தொன்றில் அறுபது

மலையடிவாரக் காட்டில் கோரைக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் அடர்கொம்பன் என்ற மிளா வாழ்ந்தது. மிளா என்றால் மான்களிலேயே பெரிய மான். நின்றால் ஒரு கம்பீரம், நடந்தால் இரண்டு கம்பீரம்.

அந்தக் காட்டில் மொத்தம் ஏழு குளங்கள். ஏழுக்கும் தண்ணீர் கொடுத்தது மலையிலிருந்து இறங்கும் ஒரே ஓடை. எந்தக் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மலை மன்றம் முடிவு செய்யும். குளத்துக்கு ஓர் உறுப்பினர் அந்த மன்றத்துக்குப் போவார். மூன்று மழைக்காலத்துக்கு ஒரு முறை, ஐப்பசியில் தேர்தல்.

தேர்தல் முறை எளிதுதான். போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு கரையில் நிற்பார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவர் கரையில் போய் மற்றவர்கள் நிற்க வேண்டும். ஆமையார் இரண்டு கரையையும் சுற்றிவந்து தலைகளை எண்ணுவார். அவர் எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கால் கடுத்துவிடும். ஆனாலும் ஒருவரும் நகர மாட்டார்கள்.

அடர்கொம்பன் முதல் முறை போட்டியிட்டபோது எதிர்க்கரையில் முள்ளம்பன்றி நின்றது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் தவளைகள். பொன்வரி என்ற தவளைதான் அவர்களுக்குத் தலைவி. அது தன் கூட்டத்தில் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு மிளாவின் கரையில் வந்து உட்கார்ந்தது.

"ஐயா! வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. சரி பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டது பொன்வரி.

"நான் சரி பண்ணுறேன்! என் குளம்பு தேய்ஞ்சாலும் பரவாயில்லை!" என்றது அடர்கொம்பன்.

நாலே நாலு வாக்கில் அது ஜெயித்தது. ஆனால் சொன்னதைச் செய்தது. அதை மறைக்கக் கூடாது. ஒரு மாதம் தன் குளம்பாலேயே வாய்க்காலைத் தோண்டியது. மலை மன்றத்தில் எழுந்து நின்று, யானைகளுக்கு முன்னாலேயே கோரைக்குளத்துக்காக வாதாடியது. குளம் நிரம்பியது.

இரண்டாம் தேர்தலில் நாற்பத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அதன் பிறகுதான் அதற்குத் தவளைகளின் மேல் சலிப்பு வந்தது. அது கரையில் நின்று பேச ஆரம்பித்தால் போதும், தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் கிளம்பும்.

"மன்றத்துல என்ன பேசினீங்க?"

"கிழக்கு மடை ஏன் இன்னும் அடைஞ்சு கிடக்கு?"

"போன மாசம் ஏன் மலைக்கே போகலை?"

பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். அடர்கொம்பனுக்குக் காதுமடல் சூடாகும்.

அதன் பக்கத்தில் எப்போதும் ஓர் ஓணான் இருக்கும். தலைவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவதுதான் அதன் வேலை. ஒருநாள் அந்த ஓணான் வாயைத் திறந்தது.

"தலைவரே! தேர்தலை ஐப்பசியில ஏன் வைக்கணும்? சித்திரையில வைங்க!"

"சித்திரையிலா? அப்போ தவளைகள் எல்லாம் மண்ணுக்குள்ள தூங்குமே!"

"ஆமாம்!" என்று தலையாட்டியது ஓணான்.

"அதுங்களும் நம்ம குளத்து ஜனம்தானே?" என்று மெதுவாகக் கேட்டது அடர்கொம்பன்.

"நாம யாரையும் தடுக்கலையே தலைவரே! வர்றவங்க வரட்டும். வராதவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

மனச்சாட்சிக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டால் அது எவ்வளவு சீக்கிரம் வாயை மூடிக்கொள்கிறது! மழைக்காலத்தில் கரை வழுக்குகிறது, வயதானவர்கள் விழுந்துவிடுகிறார்கள் என்று காரணம் சொல்லித் தேர்தலைச் சித்திரைக்கு மாற்றியது அடர்கொம்பன். மற்ற ஆறு குளங்களிலும் ஐப்பசியில்தான் தேர்தல் நடந்தது.

மூன்றாம் தேர்தலுக்கு நூற்று முப்பது பேர்தான் வந்தார்கள். மிளாவுக்கு நூற்றுப் பதினெட்டு. முள்ளம்பன்றிக்குப் பன்னிரண்டு. அன்று அடர்கொம்பன் நடந்த நடையில் மூன்று கம்பீரம் இருந்தது.

மழை பெய்து தவளைகள் விழித்தன. தேர்தல் முடிந்த செய்தியைக் கேட்டுப் பொன்வரி நேரே மிளாவிடம் வந்தது.

"ஐயா, இது நியாயமா? முழிச்சிருக்கும்போது எங்களை நாங்களே பார்த்துக்குவோம். தூங்கும்போது பார்த்துக்கத்தான் உங்களை அனுப்பினோம். நாங்க தூங்குற நேரமாப் பார்த்துத் தேர்தலை வச்சிட்டீங்களே!"

"தேர்தல் நாளில் தூங்கினது உங்க தப்பு!" என்றது அடர்கொம்பன். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தது. பொன்வரியின் முகத்தைப் பார்க்க அதற்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் இரண்டே நாளில் போய்விட்டது.

நான்காம் தேர்தல் வந்தது. எப்படியும் மிளாதான் ஜெயிக்கப் போகிறது, நாம் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும் என்று பலர் புதரைவிட்டே வெளியே வரவில்லை. அறுபத்தோரு பேர் நின்றார்கள். அடர்கொம்பனுக்கு அறுபது. எதிர்க்கரையில் முள்ளம்பன்றி தன்னந்தனியாக நின்றது.

"அறுபத்தொன்றில் அறுபது!" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது மிளா. ஓணானின் கழுத்து வலித்தது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. மாசி பிறப்பதற்குள் ஓடை மெலிந்துவிட்டது. மலை மன்றம் அவசரமாகக் கூடியது. மன்றத்தின் தலைவி ஒரு வயதான பெண் யானை.

"இருக்கிற தண்ணீரைக் குளத்து ஜனத்தொகைப்படிதான் பிரிக்கணும்," என்றது யானை. "எந்தக் குளத்துல எத்தனை பேர்? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அடர்கொம்பன் துள்ளி எழுந்தது. தன் வெற்றியை எல்லோர் முன்னாலும் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தது.

"அம்மா! கடைசித் தேர்தல்ல கரையில் நின்றவங்களை எண்ணுங்க! நின்றவங்கதான் குளத்தார். தேர்தலுக்கே வராதவங்களை ஏன் கணக்கில் சேர்க்கணும்?"

"நல்ல யோசனை!" என்றன மற்ற குளத்து உறுப்பினர்கள். எல்லோரும் முன்னங்காலைத் தூக்கினார்கள். முடிவு நிறைவேறியது.

நாணல்குளத்தில் முந்நூற்று ஐம்பது பேர். தாமரைக்குளத்தில் இருநூற்று எண்பது பேர். யானை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தது.

"கோரைக்குளம்?"

"அறுபத்தொன்றில் அறுபது பேர் எனக்குத்தான் வாக்களிச்சாங்க அம்மா! ஏழு குளத்திலும் இப்படி ஜெயிச்சவர் யாராவது உண்டா?"

"உனக்கு எத்தனைன்னு கேட்கலை தம்பி. மொத்தம் எத்தனை பேர்?"

"அறுபத்தொன்று," என்றது அடர்கொம்பன்.

யானை நெற்றியைச் சுருக்கியது. "முன்னே உங்க குளத்துல நானூறு பேருக்கு மேல இருந்தாங்களே! மத்தவங்க எங்கே?"

தேர்தலன்று தவளைகள் தூங்கிக்கொண்டிருந்தன என்று சொல்லலாம். ஆனால் தூங்கும் மாதத்தில் தேர்தலை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை உறுப்பினர்களுக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்ல மிளாவுக்குத் துணிவு இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் குளம் பிழைத்திருக்கும். அடர்கொம்பன் அதைச் சொல்லாமல் உட்கார்ந்தது.

யானைகள் ஓடைக்குப் போய்ப் பாறைகளை நகர்த்தின. அறுபத்தோரு பேருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தண்ணீர் கோரைக்குளத்துக்குக் கிடைத்தது.

சித்திரையில் தவளைகள் வழக்கம்போல் மண்ணுக்குள் போய்த் தூங்கின. மற்ற ஆண்டுகளில் மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணில் ஈரம் இருக்கும். இந்த ஆண்டு வைகாசியிலேயே குளத்தின் தரை பிளந்தது. பிளவுக்குள் பார்த்தால் அடிவரை காய்ந்த மண்.

அடர்கொம்பன் மலைக்கு ஓடியது. பெண் யானையின் காலடியில் விழுந்தது. இந்த முறை எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னது.

"இதை மாசியிலேயே சொல்லியிருந்தால் ஓடையில தண்ணீர் இருந்தது தம்பி," என்றது யானை. "இப்போ பகிர்ந்துக்க ஒண்ணுமே இல்லை."

மிளா குளத்துக்குத் திரும்பி வந்தது. நடுக்குளத்தில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தது. குளம்பு பிளந்து இரத்தம் வந்தது. தோண்டத் தோண்டத் தவளைகள் கிடைத்தன. காய்ந்து, சருகாய், இலேசாக இருந்தன. பொன்வரியும் அவற்றோடு கிடந்தது. அடர்கொம்பன் அதைப் பார்த்துக் கதறி அழுதது. தூரத்து மேட்டிலிருந்து முள்ளம்பன்றி இறங்கி வந்து, பக்கத்தில் நின்று தானும் தோண்டியது.

ஐப்பசியில் மழை வந்தது. அதற்கு முன்பெல்லாம் முதல் மழைக்குக் கோரைக்குளமே அதிரும். அந்த ஆண்டு எண்ணிப் பத்தொன்பது தவளைகள் கத்தின.

மிளா உறுப்பினர் பதவியை விட்டு விலகியது. உடனே, மழையிலேயே, புதிய தேர்தல் வைக்கச் சொன்னது. அதுதான் அதன் கடைசி உத்தரவு. முள்ளம்பன்றி ஒரு கரையில் நின்றது. மற்றொரு கரையில் வேறு யாரும் நிற்க முன்வரவில்லை. அடர்கொம்பன் தான் பழகிய கரையில் ஒதுங்கி நின்றிருந்தது. ஓணானோ காலையிலேயே அக்கரைக்குப் போய் முள்ளம்பன்றிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

ஆமையார் சுற்றிவந்து மிளாவின் முன்னால் நின்றார்.

"நீ எந்தக் கரை?" என்று கேட்டார்.

அடர்கொம்பன் தண்ணீருக்குள் இறங்கி அக்கரைக்கு நடந்தது. அது வருவதைப் பார்த்துப் பத்தொன்பது தவளைகளும் விலகி, நிற்க இடம் விட்டன. ஒன்றுகூட அதைத் திட்டவில்லை. ஒன்றுகூட அதனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மிளாவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

கேள்வி கேட்பவர்களை ஒதுக்கிவிட்டுத் தலைவன் பெறுகிற வெற்றி, அவனை நம்பியவர்களின் உயிரைத்தான் விலையாகக் கேட்கும்.