ஈரச் சேலைக்காரி

மலைக்குப் போகிற யாத்திரைக்காரர்கள் தங்கிப் போக அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் குரு பூரணி அம்மை. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. சீடர்களில் மூத்தவர் தாண்டவராயர், ஐம்பதைத் தாண்டியவர். மடத்துக்கு வருமுன் உப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை. மதியச் சாப்பாடு முடிந்தும் யாரும் கிளம்ப முடியவில்லை. கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். தாண்டவராயர் அவர்களுக்குக் கதை சொன்னார்.

"கல்குழிப் பாதையில் வண்டி ஓட்டி வருகிறேன். இதே மாதிரி மழை. பட்டப்பகல்தான், ஆனால் மாட்டின் கொம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று பாதை நடுவில் ஒருத்தி. தலைவிரி கோலம். சேலையெல்லாம் ஈரம், சேறு. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடி வருகிறாள். 'உயிரு குடு, உயிரு குடு' என்று ஒரே அலறல். மாட்டை அடித்த அடியில் சாட்டை முறிந்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். பிறகு இல்லை. மழைதான் இருந்தது."

ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தாண்டவராயர் இன்னொரு தடவை சொன்னார். அலறல் இப்போது இன்னும் நீளமாக இருந்தது.

மழை விட்டதும் அவர் பூரணி அம்மையிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு.

"தாயே, நீங்கள் பேசினால் பத்துப் பேர் உட்காருகிறார்கள். பேய்க்கதை என்றால் நூறு பேர். மனிதர்களுக்குப் பயம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?"

"நீர் சொன்னது நடந்ததா?"

"என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பதினோரு வருஷம் ஆகிறது."

"மழையில் ஒருத்தி ஓடி வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டீரா?"

"உயிரைக் கேட்டாளே, தாயே!"

"யாருடைய உயிரை?"

தாண்டவராயர் விழித்தார். "பேய் அதையெல்லாம் விளக்கிச் சொல்லுமா?"

பூரணி அம்மையின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"நாளை விடிந்ததும் கிளம்புவோம். இடத்தைக் காட்டும்."

கல்குழிப் பாதையில் ஆள் நடமாட்டம் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. வண்டித் தடத்தில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கல் வெட்டி எடுத்த பெரிய பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். கரையில் ஒரு குடிசை. அதன் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

இவர்களைக் கண்டதும் சுத்தியலை ஓங்கியபடியே எழுந்தாள்.

"கல்லெறிய வந்தீங்களா?"

"இல்லை தாயி. தண்ணீர் வேண்டும்" என்றார் பூரணி அம்மை.

அவள் நம்பவில்லை. அவர் கீழே உட்கார்ந்த பிறகுதான் செம்பை எடுத்து வந்தாள். பூரணி அம்மை குடித்துவிட்டுத் தாண்டவராயரிடம் கொடுத்தார். பெயர் மாரக்காள் என்றாள்.

"தனியாகவா இருக்கிறாய்?"

"இருபது வீடு இருந்துச்சு, சாமி. இங்கே பேய் இருக்குன்னு எவனோ கிளப்பிவிட்டான். எல்லாரும் போயிட்டாங்க. இப்ப தூரத்துல என்னைப் பார்த்தாலே கல்லை எடுக்கறாங்க. பேயைப் பார்க்கணும்னே கூட்டமா வந்து, புதருக்குள்ள ஒளிஞ்சு நின்னு சிரிக்கிறவங்களும் உண்டு."

"நீ ஏன் போகவில்லை?"

"எங்க அக்கா செங்கமலம் இதுலதான் போனா."

மாரக்காள் பள்ளத்தைக் காட்டினாள்.

"நல்ல மழை. கால் வழுக்கி விழுந்துட்டா. ஒரு வேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. அன்னிக்கு வேலை கிடையாது, ஆம்பிளைங்க சந்தைக்குப் போயிட்டாங்க. நான் இறங்கிப் பார்த்தேன், எட்டலை. ரோட்டுக்கு ஓடினேன். ஒரு வண்டி வந்துச்சு. கும்பிடாத தெய்வம் எல்லாம் கும்பிட்டேன், சாமி. 'கயிறு குடு, கயிறு குடு'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பாவி மாட்டை அடிச்சு ஓட்டிட்டுப் போயிட்டான். நான் திரும்பி வர்றதுக்குள்ள வேரு மட்டும்தான் இருந்துச்சு."

தாண்டவராயரின் கையிலிருந்த செம்பு சாய்ந்தது. தண்ணீர் அவர் மடியில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

பூரணி அம்மை அவரைப் பார்த்தார்.

தாண்டவராயர் பேசினார். கூடத்தில் பேசுகிற குரல் வரவில்லை.

"அந்த வண்டி என்னுடையது, அம்மா."

மாரக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது.

"வண்டியில கயிறு இருந்துச்சா?"

"இருந்தது. உப்பு மூட்டை கட்டுகிற கயிறு."

"எத்தனை முழம்?"

"இருபது."

"எட்டு முழம் போதும், சாமி."

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு கல்லை எடுத்து வைத்து ஓங்கி அடித்தாள். அது உடைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். தாண்டவராயர் கீழே விழுந்து வணங்கினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும்போது பாதித் தூரம் நடந்தார்கள். பிறகு தாண்டவராயர் நின்றுவிட்டார்.

"தாயே, பயந்துவிட்டேன். அந்த மழையில் எனக்கு அது அப்படித்தான் கேட்டது. பயந்தது பாவமா?"

"பயம் எல்லாருக்கும் வரும். நீர் ஓடியதற்காக நான் கோபப்படவில்லை."

"பின் எதற்கு?"

"இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்?"

"நினைவில்லை. வண்டி நிறுத்திய ஊரிலெல்லாம் சொன்னேன். மடத்தில் சொன்னேன்."

"கேட்டவர்களில் ஒருவராவது, 'அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டதுண்டா?"

தாண்டவராயர் யோசித்தார். கண் கலங்கியது.

"ஒருவரும் கேட்டதில்லை, தாயே."

"கேட்கத் தோன்றாத அளவுக்கு நன்றாகச் சொல்லியிருக்கிறீர்" என்றார் பூரணி அம்மை.