செருப்பு கட்டிய மாமரம்

கிட்ட வந்து உட்காருங்க. நான் சத்தமாச் சொல்ற ஆள் இல்லை.

மலையடிவாரத்துல ஒரு சாமி இருந்தாரு. முப்பது வயசுகூட இருக்காது. அவருக்குச் சீடன் இருளாண்டி. அவனோ பேரன் பேத்தி எடுத்தவன். பண்ணையாரோட மாந்தோப்புக்குக் காவல் அவன்தான்.

தோப்புல மூலை மரம் போன வருஷம் கிளை ஒடியக் காய்ச்சது. இந்த வருஷம் ஒரு பூ இல்லை. பண்ணையார் தன்னோட பிஞ்ச செருப்பைக் கயித்துல கோத்து மரத்துல தொங்கவிட்டாரு. வெட்கம் வந்து காய்க்குமாம். அந்தப் பக்கத்துல அது வழக்கம்.

மாசியும் முடிஞ்சது. பூக்கலை.

"வெட்டிப்புடுடா"ன்னு பண்ணையார் இருளாண்டி கையில கோடாலியைக் கொடுத்தாரு.

அவன் அதைத் தூக்கிக்கிட்டு சாமிகிட்ட ஓடினான்.

"நான் தண்ணி ஊத்தி வளத்த மரம், சாமி. பூச்சி இல்லை, நோய் இல்லை. ஏன் பூக்கலை?"

"பிள்ளை பெத்தவளை மறுநாளே கதிரறுக்க அனுப்புவியா?"

"ஐயையோ! ஆகுமா?"

"அப்ப அதைப் பண்ணையார்கிட்ட போய்ச் சொல்லு."

"நானா? அவரு முன்னாடி எங்க சாதி ஆளுக செருப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். நான் எங்க வாயைத் திறக்க?"

"வா, நானும் வர்றேன்."

தோப்புல பண்ணையார் நின்னாரு. வேலையாளுங்களும் கூடியிருந்தாங்க. சாமி இருளாண்டியைத்தான் கேட்டாரு.

"செருப்பு கட்டி எத்தனை நாளாச்சு?"

"நாப்பது நாள், சாமி."

"மரம் தலை குனிஞ்சுதா?"

இருளாண்டி அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இல்லை சாமி. காய்ச்சப்பதான் குனிஞ்சது."

"என்னடா வியாக்கியானம்? வெட்டுடா!"

இருளாண்டி கோடாலியைக் கீழே வச்சான். கக்கத்துச் செருப்பை எடுத்துக் கால்ல மாட்டினான்.

"ஓய்வுல இருக்குற மரம்யா. நான் வெட்ட மாட்டேன்."

பண்ணையாருக்குக் கண்ணு சிவந்துருச்சு. மத்த ஆளுங்களைப் பார்த்தாரு. ஒருத்தரும் கோடாலியைத் தொடலை.

"செருப்புக் காலோட என் முன்னாடி நிக்கிறான்! சாமி, இதுதான் நீர் இவனுக்குச் சொல்லிக் கொடுத்த லட்சணமா?"

சாமி மரத்துக்கிட்ட போனாரு. எக்கி நின்னு, கயித்து முடிச்சை நிதானமா அவிழ்த்தாரு. பிஞ்ச செருப்பு ரெண்டையும் தூசி தட்டி, பண்ணையார் காலடியில ஜோடியா வச்சாரு.

"உங்க செருப்பு. மரத்துக்குச் சேரலை."