உப்பு மட்டும் இருந்த தட்டு

போலந்துப் பக்கம் ஒரு குட்டி ராஜ்யம். அதன் ராஜாவுக்குத் திடீரென்று மொழிப்பற்று தலைக்கேறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பெயருள்ள எதுவும் கோட்டைக்குள் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு பண்டிதர் இது அந்நியப் பெயர், அது அந்நியப் பெயர் என்று சொல்லச் சொல்ல, காவலர்கள் சாமான்களை வெளியே தூக்கிப் போட்டார்கள்.

அன்றைக்கென்று இளவரசியைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்த ஊரில் விருந்தாளிகளை வாசலில் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பதுதான் மரியாதை. சமையல்காரி போக்னா உப்பை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுளித்தார்.

"ரொட்டி எங்கேடி?" என்று சீறினார் ராஜா.

"நம்ம மொழியில ரொட்டிக்கு உள்ள பேரு ஜெர்மன்காரங்க கிட்டயிருந்து வந்ததாம் எஜமான். பண்டிதர் வெளியே போடச் சொல்லிட்டார்."

"ராஜா நான் சொல்கிறேன், கொண்டு வா!"

"மெதுவாப் பேசுங்க எஜமான். நம்ம மொழியில ராஜாவுக்கு உள்ள பேரும் அயல்தேசத்து ராஜா ஒருத்தர் பேர்லயிருந்து வந்ததுதானாம். அதையும் பண்டிதர்தான் சொன்னார். காவலர்கள் காதுல விழுந்தா அடுத்தது நீங்கதான்."

ராஜா திரும்பிப் பார்த்தார். பண்டிதர் ஆமாம் என்று தலையாட்டினார். மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோட்டைக் கதவுக்கு வெளியே போக்னா துணி சுற்றி வைத்திருந்த ரொட்டி, சூடு ஆறாமல் உள்ளே வந்தது. பண்டிதர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ராஜா முதல் துண்டைப் பிய்த்து அந்த வாயில் திணித்தார்.